பாதியில் நின்ற ஃபிளாஷ்: மடிக்கணினி கிராபிக்ஸ் அட்டையை மீட்கும் முறை

கிராபிக்ஸ் அட்டைக்குப் புதிய பயாஸ் (அட்டையை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஏற்றும்போது, அதாவது ஃபிளாஷ் செய்யும்போது, கணினி உறைந்துவிட்டது. மறுபடி இயக்கினால் அட்டையைக் காணவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பதற்றம் வேண்டாம். பெரும்பாலும் அட்டைக்கு எந்தச் சேதமும் நேர்ந்திருக்காது. அதன் அருகில் எட்டுக் கால்களுடன் இருக்கும் சிறிய ஃபிளாஷ் சிப்பில் பதிந்த தரவு மட்டும்தான் குலைந்திருக்கும். ஆனால் கையில் கிடைத்த இன்னொரு கோப்பை அவசரமாக எழுதினால், மீட்கக்கூடியதும் மீட்க முடியாததாகிவிடும். எழுதுவதற்கு முன், சிப்பில் இப்போது இருக்கும் தரவைப் படித்துக் கோப்பாகச் சேமித்து வையுங்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

படி 1: பயாஸ் எங்கே இருக்கிறது?

எம்எக்ஸ்எம் வகை அட்டை என்றால் தனிப் பலகையாகக் கழற்றலாம். பயாஸ் சிப் அந்தப் பலகையிலேயே இருக்கும். கிராபிக்ஸ் சிப் மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டிருந்தால் இரண்டு வாய்ப்புகள் உண்டு. பல மாடல்களில் கிராபிக்ஸ் பயாஸ், கணினியின் முதன்மை பயாஸுக்குள்ளேயே அடங்கியிருக்கும். அப்படியானால் தயாரிப்பாளர் தளத்திலிருந்து அந்த மாடலுக்குரிய முழு பயாஸை மறுபடி ஏற்றினாலே போதும். மற்றவற்றில் கிராபிக்ஸ் சிப்பின் பக்கத்தில் தனி ஃபிளாஷ் சிப் இருக்கும்.

படி 2: கணினியைத் திறக்காமல் ஒரு முயற்சி

ஆப்டிமஸ் (உள்ளமைந்த கிராபிக்ஸுக்கும் என்விடியா அட்டைக்கும் இடையே தேவைக்கேற்ப மாறும்) வசதியுள்ள மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் திரை, இன்டெலின் உள்ளமைந்த கிராபிக்ஸுடன் இணைந்திருக்கும். என்விடியா அட்டை முடங்கினாலும் விண்டோஸ் வழக்கம்போலத் திறக்கும். விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் அட்டையின் மேல் மஞ்சள் எச்சரிக்கைக் குறியும் பிழை எண் 43-ம் தெரிந்தால், கணினி அட்டையை இன்னும் அடையாளம் காண்கிறது என்று பொருள். அப்போது அந்த அட்டையை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டு, என்விடியா அட்டைகளில் பயாஸ் எழுதும் என்விஃபிளாஷ் கருவியை நிர்வாகி உரிமையுடன் இயக்கி, முன்பு சேமித்த மூல பயாஸ் கோப்பை எழுதலாம். மின்னிணைப்பும் பேட்டரியும் இரண்டுமே இருக்கட்டும்.

மூலக் கோப்பைச் சேமித்து வைக்கவில்லையா? டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில், மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டும் தேர்வை இயக்குங்கள். அட்டை இப்போது தெரியாவிட்டாலும் முன்பு இருந்த அதன் பதிவு மங்கலாகத் தெரியும். அதைத் திறந்து, விவரப் பகுதியில் ஹார்டுவேர் ஐடியைப் பாருங்கள். அதில் விற்பனையாளர் எண் (என்விடியாவுக்கு 10டிஇ, ஏஎம்டிக்கு 1002), சாதன எண், துணை அமைப்பு எண் (எந்தத் தயாரிப்பாளரின் எந்த மாடலுக்கான அட்டை என்பதைக் காட்டுவது) மூன்றும் இருக்கும். டெக்பவர்அப் தளத்தின் பயாஸ் தொகுப்பில் தேடும்போது இந்த மூன்றும் பொருந்தும் கோப்பையே எடுங்கள். துணை அமைப்பு எண் பொருந்தாதபோதும் எழுதச் சொல்லும் தேர்வு என்விஃபிளாஷில் உண்டு. தொடங்குபவர்கள் அதைத் தொட வேண்டாம். ஒரே பெயருள்ள அட்டைக்கும் மடிக்கணினிக்கு மடிக்கணினி மின்னழுத்த வரம்பும் திரை இணைப்பு அமைப்பும் மாறும்.

படி 3: புரோகிராமர்

என்விஃபிளாஷ் அட்டையைப் பட்டியலிலேயே காட்டவில்லை என்றால் சிப்புடன் நேராகப் பேச வேண்டும். சிஎச்341ஏ புரோகிராமரும் (வேறொரு கணினியின் யுஎஸ்பியில் செருகி, சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிறு பலகை), சிப்பின் கால்களைக் கவ்வும் எட்டுக்கால் கிளிப்பும் தேவை. முதலில் சிப்பின் மேல் பொறித்திருக்கும் எண்ணை உருப்பெருக்கியில் படியுங்கள். எம்எக்ஸ்25எல் என்று தொடங்கினால் 3.3 வோல்ட், எம்எக்ஸ்25யூ என்றால் 1.8 வோல்ட். மற்ற தயாரிப்புகளுக்கு அந்த எண்ணைக் கொண்டு தொழில்நுட்பத் தாளைத் தேடிப் பாருங்கள். 1.8 வோல்ட் சிப்புக்கு அதற்குரிய அடாப்டரை இடையில் பொருத்தாமல் தொடவே கூடாது. இன்னொன்று: விலை குறைந்த கறுப்பு சிஎச்341ஏ பலகைகள் பலவற்றில், மின் கால் 3.3 வோல்ட் காட்டினாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும். மல்டிமீட்டரால் அளந்துவிட்டே தொடங்குங்கள்.

சார்ஜரை எடுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். சிப்பின் ஒரு மூலையில் சிறு புள்ளி இருக்கும். அதுதான் முதல் கால். கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தக் காலில் உட்கார வேண்டும்.

இப்போது புரோகிராமரால் சிப்பில் உள்ள தரவைப் படியுங்கள். இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். ஒரு பழைய எம்எக்ஸ்எம் அட்டையில் எனக்கு முதல் முறை முழுக்க எஃப்எஃப் (எதுவும் எழுதாத இடம் இப்படித்தான் தெரியும்) என்றே வந்தது. இரண்டாம் முறை ஏதோ எழுத்துகள், மூன்றாம் முறை வேறு எழுத்துகள். கால்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத பாதுகாப்புப் பூச்சு இருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் தேய்த்த பிறகு, அடுத்த இரண்டு வாசிப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயின. கோப்பைத் திறந்து பார்த்தேன்: பாதிவரை ஒழுங்கான தரவு, அதன் பின் வெறும் எஃப்எஃப். ஃபிளாஷ் எந்த இடத்தில் நின்றது என்பது கண்ணெதிரே இருந்தது. சிப் நன்றாக இருக்கிறது, எழுதும் வேலைதான் பாதியில் அறுந்திருக்கிறது என்று அப்போதுதான் உறுதியானது. அந்த அரைக் கோப்பையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளிப் சரியாகப் பிடித்தும் சிப் தெரியவில்லை என்றால், புரோகிராமரின் மின்சாரத்தைப் பலகையின் மற்றப் பாகங்கள் இழுத்துக்கொள்வது காரணமாக இருக்கலாம். எம்எக்ஸ்எம் அட்டையை மடிக்கணினியிலிருந்து கழற்றித் தனியே வைத்துச் செய்தால் பெரும்பாலும் சரியாகும். மதர்போர்டில் உள்ள சிப் என்றால் அதைச் சாலிடரிலிருந்து எடுக்க நேரும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் அந்த ஒரு வேலையை மட்டும் பழுதுபார்க்கும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

படி 4: கோப்பைச் சோதித்து எழுதுதல்

எழுதப்போகும் கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் தரவை அப்படியே எண்ணும் எழுத்துமாகக் காட்டும் மென்பொருள்) திறங்கள். பழைய அட்டைகளின் கோப்பு 55 ஏஏ என்று தொடங்கும். சற்றுக் கீழே பிசிஐஆர் என்ற எழுத்துகள் வரும். அதை அடுத்து விற்பனையாளர் எண் டிஇ 10 என்று தலைகீழாக இருக்கும், பின்னர் சாதன எண்ணும் அப்படியே. 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசை முதலான பல அட்டைகளில் கோப்பின் தொடக்கமே என்விஜிஐ என்றிருக்கும். 55 ஏஏ அதற்குப் பிறகுதான் வரும். மெய்நிகர் கணினியில் பயன்படுத்துவதற்காக அந்தத் தலைப்பகுதியை வெட்டிய கோப்புகளும் இணையத்தில் உண்டு. அவற்றைச் சிப்பில் எழுதக் கூடாது.

கோப்பின் அளவு சிப்பின் கொள்ளளவைவிடச் சிறியதாக இருந்தால், மிச்சத்தை எஃப்எஃப் கொண்டு நிரப்புங்கள். பிறகு அழித்தல், சிப் காலியாகிவிட்டதா என்று பார்த்தல், எழுதுதல், சரிபார்த்தல் என்ற வரிசையில் செய்யுங்கள். சரிபார்ப்பில் ஒரு எழுத்து தவறினாலும் கிளிப்பைத் திருத்தி வைத்து முதலிலிருந்து தொடங்குங்கள்.

படி 5: மறுபடி இயக்குதல்

கிளிப்பை எடுத்து, அட்டையையும் வெப்பக்கடத்தியையும் புதிய வெப்பப் பசையுடன் பொருத்தி, பேட்டரியை இணையுங்கள். முதல் இயக்கத்தில் திரை வர வழக்கத்தைவிடச் சற்று நேரம் ஆகலாம், உடனே அணைத்துவிடாதீர்கள். விண்டோஸ் திறந்ததும், அட்டையின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் கருவியில் பயாஸ் பதிப்பும் துணை அமைப்பு எண்ணும் நீங்கள் குறித்து வைத்ததுடன் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போனால், பயாஸ் பதிப்பின் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தி அந்தக் கோப்பைச் சேமித்து, ஒரு பிரதியை இந்தக் கணினிக்கு வெளியே பென்டிரைவில் வையுங்கள்.