மீன் பை (fish pie) சுடப் போகிறீர்களா? பேஸ்ட்ரி இறுகாமல் இருக்கத் தவிர்க்க வேண்டியவை

திருகோணமலையில் பேஸ்ட்ரி, அதாவது பையின் மா ஓடு, பிசகிப்போவது பெரும்பாலும் வேளை பார்க்காமல் தொடங்குவதால்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் 33, 34 பாகை வெயில் அடிக்கும். அந்தச் சூட்டில் பட்டர் கரைந்து, அதிலுள்ள தண்ணீர் மாவில் இறங்கிவிடும். பட்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். விடியக்காலையில் செய்யுங்கள். 250 கிராம் கோதுமை மா, 125 கிராம் பட்டர், அரைத் தேக்கரண்டி உப்பு, கலக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடங்கினால் இன்னும் நல்லது.

அடுத்தது, நம் கைப்பழக்கம். ரொட்டிக்கு அடித்துக் குழைத்துப் பழகிய கை சும்மா இருக்காது. கோதுமையின் புரதம் தண்ணீர் பட்டுக் குழைபடக் குழைபட குளூட்டனாகப் பின்னிக்கொள்ளும். ரொட்டிக்கு அது வேண்டும். பேஸ்ட்ரியில் அது கூடினால் கடிக்கும்போது சவ்வாக இழுபடும். அதனால் தண்ணீர் விடுவதற்கு முன்பே, குளிர்ந்த பட்டரை விரல் நுனியால் மாவில் உதிர்த்து, புட்டு மாப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்ளங்கை படவே கூடாது, அதில் சூடு அதிகம். மாவின் மேல் கொழுப்பு நன்றாகப் படிந்துவிட்டால் தண்ணீர் புரதத்தை எளிதில் எட்டாது. பேஸ்ட்ரியின் மென்மை இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது, அவசரப்படாதீர்கள்.

அப்புறம் ஐஸ் தண்ணீர். நான்கு மேசைக்கரண்டி பெரும்பாலும் போதும். அள்ளி அழுத்தினால் மா பிடிபட வேண்டும், அவ்வளவுதான். மார்கழி மழையில் மாவே ஈரத்தை இழுத்திருக்கும், ஒரு கரண்டி குறைத்துத் தொடங்குங்கள்.

பிரிமா மா ஆலை நம் சீனன்குடாவிலேயே இருக்கிறது, மாவுக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் பாண் போடுவதற்கென்று விற்கும் மா வேண்டாம், அதில் புரதம் கூடுதல். சாதாரண மாவிலும் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அதே அளவு சோளமா சேர்த்தால் பேஸ்ட்ரி இன்னும் மென்மையாகும். பட்டருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் என்றால், அது 24 பாகையிலேயே உருகிவிடும். இங்கே சாதாரணமாக வைத்தால் அது எண்ணெய்தான். பேஸ்ட்ரி உதிரும், அடுக்கு வராது.

சேர்த்த மாவைத் தட்டையாக்கிச் சுற்றி அரை மணி நேரம் குளிரில் விடுங்கள். தட்டில் இழுத்துப் பரப்பினால் ஓவனுக்குள் சுருங்கிவிடும், தளர்வாகப் படிய விடுங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் திரும்பத் திரும்ப உருட்டுவதும் இறுக்கத்தான் செய்யும்.

மீன் கலவையைக் குழம்பு வற்றும்வரை காய்ச்சி, முழுதாக ஆறியபின் வையுங்கள். சூடாக வைத்தால் பட்டர் ஓவனுக்குள் போகுமுன்பே உருகிவிடும். முதல் 15 நிமிடம் 200 பாகை, பிறகு 180. ஓவனைச் சூடாக்கும்போதே ஒரு இரும்புத் தட்டையும் உள்ளே வைத்து, அதன்மேல் பையை வைத்தால் அடிப்பக்கம் சொதசொதக்காது.