ஆடிட் நாளில் மட்டும் திறக்கும் பின்கதவு

திருப்பூரில் இருபது முப்பது பேரை வைத்து ஜாப் ஒர்க், அதாவது பிறர் ஆர்டருக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை, செய்யும் பனியன் கம்பெனிகளில், சரக்கை வாங்கும் பையர் தரப்பிலிருந்து தொழிலாளர் நிலையைப் பார்க்கும் ஆடிட் என்று தகவல் வந்ததும் பின்கதவை மறித்துக் கிடக்கும் துணி மூட்டைகள் இடம் மாறும். முதலுதவிப் பெட்டிக்குப் புதுப் பஞ்சும் கழிப்பறைக்குச் சோப்பும் வந்து சேரும். ஆடிட்டரின் கார் தெருமுனையைத் தாண்டியதும் மூட்டைகள் பழைய இடத்துக்கே வந்துவிடும். தொழிலாளர் நலன் என்றால் வெளியாருக்குக் காட்டும் காகிதம் என்று நினைப்பதுதான் முதல் தவறு.

கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலை 2012 செப்டம்பர் 11 அன்று எரிந்தபோது 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை, தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் சரியாக இருப்பதாகச் சொல்லும் எஸ்ஏ 8000 சான்றிதழ் வாங்கியிருந்தது. தீ வைத்தவர்கள் யார் என்பது தனி வழக்கு. உள்ளே இருந்தவர்கள் தப்ப முடியாமல் போனதற்குக் காரணம் பூட்டிய கதவுகளும் ஜன்னல் கம்பிகளும்.

அடுத்தது சம்பளக் கணக்கு. எட்டு மணி நேரத்துக்கு மேல் நான்கு மணி நேரம் சேர்த்து வேலை செய்தால் இங்கே அதற்கு ‘ஒன்றரை ஷிப்ட்’ என்று பெயர். கோளாறு அந்தப் பெயரிலேயே இருக்கிறது. ஒரு ஷிப்டுக்கு 560 ரூபாய் என்றால் மணிக்கு 70. கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி, அதாவது மணிக்கு 140. நான்கு மணி நேரத்துக்கு இன்னொரு 560. கொடுக்க வேண்டியது இரண்டு ஷிப்ட் சம்பளம், கொடுப்பதோ ஒன்றரை. இதை மறைக்க ஆடிட்டருக்கு ஒரு பதிவேடும் உள்ளுக்குள் ஒரு நோட்டும் வைப்பவர்களும் உண்டு.

“தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தருகிறேன், கல்யாணத்துக்கு முன்பணம் தருகிறேன், இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு எதற்கு?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஊசி விரலில் ஏறிய அன்று சேலை உதவாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியில் 14,000 ரூபாய் சம்பளக்காரருக்கு இஎஸ்ஐக்காக முதலாளி கட்ட வேண்டியது மாதம் 455 ரூபாய்.

பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் முதலாளியின் மனைவியையே தலைவராகப் போடுவது இன்னொரு வழக்கம். சூப்பர்வைசர் முதலாளியின் மைத்துனராக இருக்கும் இடத்தில் யார் போய்ப் புகார் சொல்வார்கள்? அறிவிப்பு தமிழில் தொங்குகிறது. தையலில் பாதிப்பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மொழிபெயர்த்துச் சொல்பவர் அதே சூப்பர்வைசர்.

“ரேட் கட்டாது” என்பார்கள். உண்மைதான், பையர் விலையை நெருக்குகிறார். ஆனால் பீஸுக்கு விலை சொல்லும்போது தையல், கைமடி, பிசிறு வெட்டுதல், செக்கிங், கரண்ட் பில் எல்லாம் எழுதுபவர்கள் கூடுதல் நேரக் கூலியை எழுதுவதில்லை. ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே அந்தக் கூலியையும் விலையில் சேருங்கள். எத்தனை நாளில் முடியும் என்று தையல்காரர்களைக் கேட்ட பிறகு தேதி சொல்லுங்கள்.