ஜிடிபிக்குள் ஓடும் பைத்தான்: பிழை வரும்போது செய்யக்கூடாதவை

ஜிடிபி என்பது ஓடும் நிரலை நிறுத்திப் பார்த்துப் பிழை தேட உதவும் டிபக்கர். 2009-இல் வந்த ஜிடிபி 7.0 முதல் அதற்குள்ளேயே பைத்தான் மொழியில் ஸ்கிரிப்ட் எழுத முடிகிறது. புது கமாண்ட் சேர்க்கலாம், சிக்கலான டேட்டாவைக் கண்ணுக்குப் புரிகிற மாதிரி காட்டப் பிரெட்டி பிரிண்டர் எழுதலாம். ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடும்வரை சுகம்தான். அது இடறும்போது, கோளாறு நாம் ஆராயும் நிரலிலா, ஸ்கிரிப்டிலா, கமாண்டைத் தட்டியவரிடமா என்பதே தெரியாமல் போகிறது. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டாத ஸ்கிரிப்ட் இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

டிரேஸ்பேக் (பிழை எந்தெந்த வரி வழியாக வந்தது என்ற பட்டியல்) இல்லாமல் தேடிக்கொண்டிருப்பது நிறையப் பேர் செய்யும் தவறு. வழக்கமான அமைப்பில் ஜிடிபி பிழையின் செய்தியை மட்டும்தான் காட்டும். எந்த ஃபைல், எந்த வரி என்று சொல்லாது. உடனே ஸ்கிரிப்ட் முழுக்க பிரிண்ட் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். 'செட் பைத்தான் பிரிண்ட்-ஸ்டாக் ஃபுல்' என்று ஒருமுறை கொடுத்தால் முழு டிரேஸ்பேக்கும் வந்துவிடும்.

ஆனால் கமாண்டைப் பயன்படுத்துபவருக்கு அந்த டிரேஸ்பேக் தேவையில்லை. கமாண்டோடு தர வேண்டிய ஒரு மதிப்பை, அதாவது ஆர்கியுமென்டை, அவர் கொடுக்க மறந்திருப்பார், அவ்வளவுதான். அதற்குப் பைத்தானின் வழக்கமான வேல்யூஎரர் பிழையை எழுப்பினால், ஸ்கிரிப்டே உடைந்துவிட்டது போல 'எரர் அக்கர்ட் இன் பைத்தான்' என்று வரும். பயனரின் தவறுக்கென்றே ஜிடிபி.ஜிடிபிஎரர் என்ற பிழை வகை இருக்கிறது: டிரேஸ்பேக் இல்லாமல், நாம் எழுதிய செய்தி மட்டும் திரையில் வரும். செய்தியைக் காலியாக விடாதீர்கள். விட்டால் ஜிடிபி அதை ஸ்கிரிப்டின் கோளாறாகவே எடுத்துக்கொள்ளும்.

அப்புறம் இன்னொரு தவறு, எந்தப் பிழை என்று பெயர் சொல்லாமல் வெறும் எக்செப்ட் (பிழையைப் பிடிக்கும் பைத்தான் கட்டளை) போட்டு எல்லாவற்றையும் விழுங்குவது. ஜிடிபியில் கன்ட்ரோல்-சி அழுத்தினாலும், நீண்ட அவுட்புட்டின் நடுவில் 'க்யூ' தட்டினாலும், அது பைத்தானுக்குள் கீபோர்ட்இன்டரப்ட் என்ற பிழையாக வருகிறது. லூப்புக்குள் வெறும் எக்செப்ட் இருந்தால் அதுவும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். பயனர் நிறுத்து என்கிறார், பட்டியல் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது! ஜிடிபி எழுப்பும் பிழைகளை ஜிடிபி.எரர் என்று பெயர் சொல்லிப் பிடியுங்கள். நினைவகத்தைப் படிக்க முடியாதபோது வரும் ஜிடிபி.மெமரிஎரர் அதற்குள் அடங்கிவிடும்.

பிரெட்டி பிரிண்டரில்தான் உண்மையான தலைவலி. ஃபங்ஷனின் முதல் வரியில் நின்று, அதன் வேரியபிள்களைக் காட்டும் 'இன்ஃபோ லோக்கல்ஸ்' கமாண்டைக் கொடுத்துப் பாருங்கள். கீழே எங்கோ அறிவித்திருக்கும் வெக்டர் (உறுப்புகளின் வரிசை) இன்னும் உருவாகியிருக்காது. அதன் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் பாயிண்டர்களில் (நினைவக முகவரிகளில்) குப்பை மதிப்பு இருக்கும். அதை நம்பி நீளம் கணக்கிடும் பிரிண்டர், கோடிக்கணக்கான உறுப்புகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். தொடக்கம் முடிவைத் தாண்டியிருக்கிறதா, நீளம் நம்பும்படி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதில் இன்னொரு கண்ணி. பாயிண்டரை டீரெஃபரன்ஸ் செய்யும், அதாவது அது காட்டும் இடத்தின் மதிப்பை எடுக்கும், வரியைச் சுற்றி டிரை-எக்செப்ட் போட்டிருப்பீர்கள், ஆனாலும் பிழை தப்பித்து வேறெங்கோ வெடிக்கும். காரணம், நிரலின் மதிப்பைப் பைத்தானில் குறிக்கும் ஜிடிபி.வேல்யூ பெரும்பாலும் சோம்பேறி. மதிப்பு தேவைப்படும்போதுதான் நினைவகத்தைத் தொடும். டிரைக்குள்ளேயே, மதிப்பை உடனே படிக்க வைக்கும் ஃபெட்ச்_லேஸியை அழைத்துவிட்டால், படிக்க முடியாத முகவரி அந்த இடத்திலேயே பிடிபடும். பிடிபட்டதும் காலி ஸ்ட்ரிங்கைத் திருப்பி அனுப்பாமல், 'படிக்க முடியவில்லை' என்ற வார்த்தையோடு முகவரியையும் சேர்த்துக் காட்டுங்கள். காலியாக விட்டால், பார்ப்பவர் அந்த வேரியபிளே காலி என்று நம்பிவிடுவார்.