சென்னைக்குள் வீடு மாற்றும்போது எந்தக் கூடுதல் சேவைக்குப் பணம் கொடுக்கலாம்?

வீடு மாற்றித் தரும் நிறுவனங்கள் தொலைபேசியில் சொல்லும் தொகை பெரும்பாலும் வண்டி வாடகையையும் ஏற்றி இறக்கும் கூலியையும் மட்டுமே குறிக்கும். சாமான்களைக் கட்டுவது, கட்டிலைக் கழற்றிப் பூட்டுவது, ஏசியை இறக்கி மாட்டுவது, லிஃப்ட் இல்லாத மாடிக்குத் தூக்குவது, சில நாள் கிடங்கில் வைத்திருப்பது ஆகியவை அநேகமாகத் தனிக்கணக்காகவே இருக்கும். எனவே எது தேவை, எதை நாமே செய்துகொள்ளலாம் என்பதைப் பேரம் பேசுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் அவர்களை வீட்டுக்கு வரவழைத்து எல்லாவற்றையும் காட்டுங்கள். பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவும் மொட்டைமாடிப் பூந்தொட்டிகளும்தான் கடைசி நேரத்தில் தகராறை உண்டாக்கும். இரண்டு வீடுகளும் எத்தனையாவது மாடி, லிஃப்டில் பீரோ நுழையுமா, வாசல்வரை வண்டி வருமா என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர்ப் பகுதிகளின் சந்துகள் பலவற்றில் பெரிய வண்டி திரும்பாது. தெருமுனையிலிருந்து சுமந்து வரவோ, குட்டியானையில் இரண்டு நடை அடிக்கவோ நேரும். அந்தக் கூலியை முன்கூட்டியே பேசி, கொட்டேஷனில் எழுதி வாங்குவதே நல்லது.

கட்டும் வேலை முழுவதையும் அவர்களிடம் விட வேண்டியதில்லை. துணிமணிகளையும் புத்தகங்களையும் நாமே கட்டலாம்; புத்தகத்தைப் பெரிய பெட்டியில் நிரப்பினால் அடி பிய்ந்துவிடும், சிறிய பெட்டிகளே போதும். கண்ணாடிச் சாமான், டிவி, மிக்ஸி, கிரைண்டர் ஆகியவற்றை மட்டும் அவர்களிடம் கொடுத்து, ஐந்தடுக்கு அட்டைப்பெட்டியும் பபிள் ராப்பும் பயன்படுத்தச் சொல்லுங்கள். பீங்கான் தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல், ஒவ்வொன்றையும் தாளில் சுற்றிச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். டிவியும் நின்றவாக்கில்தான் பயணம் செய்ய வேண்டும்.

தயங்காமல் பணம் கொடுக்க வேண்டிய சேவை ஏசியைக் கழற்றி மாட்டுவதுதான். ஆனால் வருபவர் ஏசி மெக்கானிக்கா, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த லோடுமேனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முறையாகச் செய்பவர் ஏசியைக் குளிர்விக்கும் நிலையில் ஓடவிட்டு, முதலில் மெல்லிய குழாயின் வால்வை அடைப்பார். உள்ளே சுற்றும் கேஸ் வெளியே இருக்கும் யூனிட்டுக்குத் திரும்பிய பிறகு தடித்த குழாயின் வால்வையும் அடைத்து, மெஷினை நிறுத்தி, அதன்பிறகே நட்டுகளைக் கழற்றுவார். எடுத்தவுடன் நட்டைத் தளர்த்தி, புஸ்ஸென்ற சத்தத்துடன் கேஸ் வெளியேறினால், புது வீட்டில் கேஸ் நிரப்பும் செலவு நம் தலையில் விழும். மாட்டும்போது குழாய்க்குள் தங்கிய காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து எடுக்க வேண்டும். கூடுதல் செம்புக்குழாய், ஸ்டாண்டு, சுவரில் துளை போடுவது ஆகியவற்றின் விலையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பில் எதிர்பாராமல் ஏறுவது பெரும்பாலும் இங்கேதான்.

முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினின் டிரம் ஸ்பிரிங்குகளில் தொங்கிக்கொண்டிருப்பதால், அதை அசையாமல் பிடிக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைப் பின்பக்கத்தில் பூட்டாமல் வண்டியில் ஏற்ற விடக்கூடாது. வாங்கிய நாளில் கழற்றிய அந்தப் போல்ட்டுகள் எங்கே இருக்கின்றன என்று இன்றே தேடி வையுங்கள். ஃப்ரிட்ஜை முதல் நாளே அணைத்துப் பனியை வடித்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியில் அமிலம் இருப்பதால் சாய்க்காமல் தூக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை அவர்கள் பொறுப்பில் ஏற்றாமல், முகவரி மாற்றத்துக்கு ஏஜென்சியிடம் பேசிவிடுங்கள்.

காப்பீடு என்று சொல்லிப் பொருள் மதிப்பில் குறிப்பிட்ட சதவீதத்தைக் கேட்பவர்களிடம், எந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி என்றும் நம் பெயருக்குச் சான்றிதழ் வருமா என்றும் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் அது அந்த நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே, காப்பீடு அல்ல. ஊருக்குள் மாறும் சிறிய குடும்பத்துக்கு, ஒவ்வொரு பொருளையும் ஏற்றும் முன் படம் எடுத்து, பெட்டிகளுக்கு எண் போட்டுப் பட்டியல் வைத்துக்கொள்வதே அதைவிடப் பயன்படும் என்பது என் கருத்து. நகையும் பத்திரங்களும் நம் கைப்பையிலேயே வர வேண்டும்.

ஆடி பிறப்பதற்கு முன்பும் ஆவணி முகூர்த்த நாள்களிலும் வண்டிக்குக் கிராக்கி அதிகம். ஆடியில் குடிபோவதில் தயக்கம் இல்லாதவர்களுக்குப் பேரம் பேச இடமுண்டு. பால் காய்ச்சத் தேவையான அடுப்பையும் பாத்திரத்தையும் கடைசியில் ஏற்றச் சொன்னால் முதலில் இறங்கிவிடும்.

பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து 15 குறிகள் கொண்டது, தமிழ்நாட்டில் பதிவு செய்ததென்றால் 33 என்று தொடங்கும். முன்பணத்தைக் குறைவாகக் கொடுத்து, மீதியைச் சாமான் இறங்கிய பிறகு கொடுங்கள். பேசியதற்கு மேல் பணம் கேட்டுச் சாமானை இறக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ‘எல்லாம் நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்ற தாளை நீட்டும்போது, டிவியையும் கண்ணாடிப் பெட்டிகளையும் பிரித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அதற்கு நேரமில்லையென்றால், பெட்டிகள் பிரித்துப் பார்க்கப்படவில்லை என்று அதே தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.