சுண்டெலி முடியும் டயட்டமும்: ஒரே மைக்ரோஸ்கோப்பில் ஒப்பிடும் முறை

சுண்டெலியின் உடல் 8 செ.மீ., ஓடைக்கல்லில் ஒட்டியிருக்கும் டயட்டம் (கண்ணாடி போன்ற ஓடுள்ள ஒற்றைச்செல் பாசி) 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டால், நீளத்தில் 2,000 மடங்கு வித்தியாசம். எலிக்குப் பதிலாக அதன் முடியை எடுத்தால்தான் 400 மடங்குப் பெருக்கத்தில் இரண்டையும் ஒப்பிட முடியும்.

படி 1: சேகரிப்பு
பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கத்து ஓடை போதும். பூங்காவுக்குள் என்றால் அனுமதி கேளுங்கள். பழுப்பாக வழுக்கும் கல்லைத் தேடுங்கள். பச்சையாக நூல்நூலாக இருப்பது வேறு பாசி. பழைய டூத் பிரஷால் தேய்த்து, 50 மி.லி. நீரோடு போத்தலில் பிடியுங்கள். கையுறை கட்டாயம். கென்சிங் திக்குஸ் என்று இங்கே எல்லாரும் பயப்படும் எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த நீர் வழியாகப் பரவும். கையில் புண் இருந்தால் அன்றைக்குப் போகவேண்டாம்.

படி 2: சுத்தம் செய்தல்
இதில்தான் பெரும்பாலும் சொதப்பும். உயிருள்ள டயட்டத்தின் பொன்பழுப்பு நிறமி, ஓட்டின் கோடுகளை மறைத்துவிடும். அடியில் படிந்ததில் 5 மி.லி. எடுத்து, அதே அளவு குளோராக்ஸ் (துணி வெளுக்கும் ப்ளீச்) ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். வினிகர் பக்கத்திலேயே வரக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும். பிறகு காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, இரவு முழுக்கப் படியவிட்டு, மேல்நீரை மட்டும் உறிஞ்சுங்கள். இப்படி நான்கைந்து முறை. அவசரப்பட்டால் டயட்டமும் சேர்ந்து போய்விடும். கழுவல் குறைந்தால் உப்புப் படிகம்தான் தெரியும். ஒரு சொட்டைக் கவர் ஸ்லிப்பில் காயவைத்து, ஸ்லைடில் கவிழ்த்துப் பாருங்கள். நீருக்குள் மங்கலாகத்தான் தெரியும், ஏனென்றால் சிலிக்காவும் நீரும் ஒளியை ஏறக்குறைய ஒரே அளவில் வளைக்கின்றன.

படி 3: முடி
பொறியில் சிக்கிய எலியைத் தொடாதீர்கள். வீட்டில் வளர்க்கும் வெள்ளைச் சுண்டெலியின் கூண்டில் உதிர்ந்த முடி போதும். சோப்பு நீரில் கழுவி, ஸ்லைடில் மெல்லப் பூசிய நகப்பூச்சில் வைத்து, நன்றாகக் காய்ந்ததும் முடியை உரித்தெடுத்தால் பூச்சில் அதன் செதில் அச்சு விழுந்திருக்கும். இன்னொரு முடியைச் சமையல் எண்ணெயில் வைத்தால் உள்ளே காற்றறைகள் வரிசையாகத் தெரியும். வெட்டிய முனை வழியாக எண்ணெய் புகுந்தால் அவை மறையும், உடனே பாருங்கள்.

படி 4: அளவு
கண்வில்லையில் பார்வை எண் 18 என்று போட்டிருந்தால், 40 மடங்குப் பொருள்வில்லையில் 18 ÷ 40 = 0.45 மி.மீ., அதாவது 450 மைக்ரான் பார்வை வட்டம். குறுக்கே பத்து டயட்டம் அடங்கும் என்றால் ஒன்று 45 மைக்ரான்.

முடி, எலி தின்ற புரதத்திலிருந்து வந்த கெரட்டின். டயட்டத்தின் ஓடு, நீரில் கரைந்த சிலிக்காவால் ஆன, மூடி போட்ட டப்பா. டயட்டம் இரண்டாகப் பிளக்கும்போது ஒவ்வொரு பாதியும் தனக்குள் அடங்கும் சின்னப் பாதியையே கட்டுவதால், ஒரு வாரிசுக் கிளை தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்துக்கொண்டே போகும். ஏறக்குறைய 1 கிராமில் பிறந்து 20 கிராம் ஆகும் எலிக்கு இது நேர்மாறு. ஓரளவுக்கு மேல் சிறுத்ததும், பாலினப் பெருக்கம் வழியாக மறுபடி பெரிய டயட்டம் உருவாகும். ஆகவே ஒரே வடிவத்தில் 20 அளந்து, அதில் ஒன்று மட்டும் ரொம்பப் பெரிதாக வந்தால், பிழை என்று அடித்துவிடாதீர்கள்.