மஞ்சள் தாளில் சிவப்புக் கோலம்

ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் அதே வேதிவினையை, விடுமுறை நாளில் குழந்தைகளுக்கு ஓவிய விளையாட்டாக மாற்றித் தரலாம். ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளை 4 தேக்கரண்டி தண்ணீரில் குழைத்து, தடித்த வெள்ளைத் தாளின் மீது தூரிகையால் சீராகப் பூசி, நிழலில் நன்றாக உலர விடுங்கள். பின்னர் சலவை சோப்பைக் கரைத்த நீரில் பஞ்சு சுற்றிய குச்சியைத் தோய்த்து, அந்தத் தாளில் கோலமோ மீனோ வரையச் சொன்னால், குச்சி பட்ட இடமெல்லாம் செம்பழுப்பாக மாறுவதைக் குழந்தை கண்ணெதிரே காணும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி காரத்தில் சிவந்து, அமிலத்தில் மீண்டும் மஞ்சளாவதே இதற்குக் காரணம். ஆகவே தவறிப்போன கோட்டின் மேல் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் அது மறைந்துவிடும். பிள்ளைகள் மிகவும் வியந்து பார்ப்பது இந்த அழிப்பைத்தான். ஆப்ப சோடாக் கரைசலிலும் நிறம் மாறும், ஆனால் சற்று மங்கலாகவே இருக்கும். சுண்ணாம்பு அழகான சிவப்பைத் தந்தாலும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கக்கூடும் என்பதால், சிறுவர் கையில் அதைக் கொடுக்கவே வேண்டாம். மஞ்சள் கறை துணியிலிருந்து எளிதில் போகாது. பழைய சட்டையை அணிவித்து, கீழே செய்தித்தாளை விரித்துவிட்டுத் தொடங்குங்கள்.