குட்டிகளைக் காப்பகத்துக்குத் தூக்கும் முன்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மார்கழியில், எங்கள் தெரு நாய் கருப்பி போட்ட ஐந்து குட்டிகளை ஆப்பிள் பெட்டியில் வைத்து ஆட்டோவில் ஒரு காப்பகத்துக்குக் கொண்டுபோனேன். ‘இங்கே எதையும் கொல்ல மாட்டோம்’ என்றார்கள். நிம்மதியாகத் திரும்பினேன். பத்தே நாளில் நான்கு போய்விட்டன. பார்வோ என்ற வைரஸ் நோய். அவர்கள் சொன்னது பொய்யில்லை, யாரும் கொல்லவில்லைதான். இடம் கொள்ளாமல் நாய்கள் அடைந்து கிடந்தால் வைரஸே பார்த்துக்கொள்கிறது.

அடுத்த ஈற்றுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்.

எட்டு வாரம் வரை குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். தாய்க்குச் சோறு போட்டால் போதும். கறிக்கடையில் கோழி ஈரல், தோல் கேட்டால் மலிவாகத் தருவார்கள்; வேகவைத்துச் சோற்றில் பிசையுங்கள். யார் வீட்டு வாசலிலும் வைக்காதீர்கள், சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

ஆறேழு வாரத்தில் முதல் தடுப்பூசி. அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, பதினாறு வாரம் வரை. வெறிநாய் ஊசி மூன்று மாதத்தில். ஆஸ்பத்திரியில் டாக்டரின் மேசை வரும்வரை குட்டியைப் பையை விட்டு இறக்கவே கூடாது. பார்வோ தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

ஆண் குட்டிகள் சீக்கிரம் போய்விடும். பெட்டையை யாரும் கேட்க மாட்டார்கள். ‘ஆறு மாதத்தில் கருத்தடை ஆபரேஷன், செலவு என்னுடையது’ என்றேன், இரண்டு பெட்டைகளுக்கும் வீடு கிடைத்தது. கொடுக்கும் முன் அந்த வீட்டைப் போய்ப் பாருங்கள். மொட்டை மாடியில் சங்கிலி தொங்கினால் திரும்பி வந்துவிடுங்கள்.

கருப்பிக்குப் பால் வற்றியதும் சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் செய்து கருத்தடைக்குச் சொன்னேன். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964-லேயே தொடங்கியது. மாநகராட்சி கொல்வதை நிறுத்தியதோ 1996-ல். ஒரு தெருவைக் காலி செய்தால், குப்பைத்தொட்டி இருக்கும்வரை அடுத்த தெரு நாய் வந்து உட்காரும். அதனால்தான் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கிறது மத்திய அரசின் விதி. பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற இடங்களுக்கு மட்டும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு உத்தரவு போட்டிருக்கிறது.

வண்டி வரும்போது கூடவே நில்லுங்கள். நாயின் போட்டோ, வண்டி எண், பக்கத்து மின்கம்ப எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வேறு பேட்டையில் இறக்கிவிட்டுப் போவதும் உண்டு.

இன்னொன்று. பிழைக்காது என்று டாக்டரே பார்த்துச் சொன்ன நாயை, கொல்லாமை என்ற பெயரில் துடிக்க விடாதீர்கள். வலியில்லாமல் அதன் உயிரை முடிக்க விதியும் இடம் தருகிறது.

ஐந்தாம் நாள், காது நுனியில் கருத்தடை அடையாள வெட்டோடு கருப்பி வந்து இறங்கினாள். டிரான்ஸ்பார்மர் பக்கத்து ஜல்லிக் குவியலில் போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு நாள் என் கையிலிருந்து ஒரு பிஸ்கட்கூட வாங்கவில்லை.